சில்லு தொங்க இறுக்கின நாலு போல்ட்

"ரெண்டு கையையும் விடுங்கோ," என்றேன்.

சாந்தினி ஸ்டியரிங்கை விட்டார்.

நிலாவெளி வீதியில், உப்பளம் தாண்டி, நேராகக் கிடக்கும் துண்டு. காலை ஒன்பது மணி வெயில். முன்னால் மாடும் இல்லை, முச்சக்கரவண்டியும் இல்லை. வான் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்று எண்ணி முடிய முன்னமே வான் இடது பக்கம் ஒதுங்கத் தொடங்கிவிட்டது. நாலு, ஐந்து. வெள்ளைக் கோடு சில்லுக்கு அடியில் போனது. ஆறு. தார் முடிந்து மணல் நெறுநெறுத்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து வானை வீதிக்கு ஏற்றினார்.

"கண்டீங்களோ அண்ணை?"

"கண்டனான்."

கண்ணால் காணாத ஒன்றும் இருந்தது. முன் பக்கம் கீழே இருந்து ஒரு சத்தம். பழைய கட்டிலில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி. இறப்பர் முறுக்குப்படும் சத்தம் அது. 

அந்த வானின் முன் பக்கத்துக் கீழ்ச் சாமான்கள் எல்லாவற்றையும் ஐந்து கிழமைக்கு முன்னம் மாற்றியவன் நான்.

பதினாலு பிள்ளைகள்

சாந்தினி லிங்கநகரில் இருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி டவுனில் இறக்குபவர். பிள்ளைகள் அவரை வான் அன்ரி என்பார்கள். பதினாலு பிள்ளைகள். சின்னது முதலாம் ஆண்டு, பெரியது பத்தாம் ஆண்டு. காலையில் ஏற்றும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். வாய் கொஞ்சம் கூர்மை. ஓட்டம் நல்ல ஓட்டம். இந்த வீதிகளில் அவரைப் போல் பிரேக்கைப் பதமாக மிதிக்கும் ஆண்களை நான் அதிகம் கண்டதில்லை.

புருஷன் படகில் விழுந்து முதுகு முறிந்தவர். வீட்டோடு. அந்த வான் ஓடினால்தான் அந்த வீடு ஓடும்.

நாங்கள் நிலாவெளி வீதிக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முதல் நாள், சிவபாலன் என்று ஒரு தகப்பன், தன் மோட்டார் சைக்கிளில் வானுக்குப் பின்னால் வந்திருக்கிறார். இரண்டு மகள்மாரும் வானுக்குள். வான் இரண்டு தடவை இடது பக்கக் கோட்டைத் தாண்டிப் போனதைக் கண்டிருக்கிறார். அன்று பின்னேரமே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். வான் அன்ரி போன் பார்த்துக்கொண்டு ஓடுகிறாவோ தெரியாது, எங்கள் பிள்ளைகளைத் திங்கள் தொடக்கம் வேறு வானில் விடுகிறோம் என்று. அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர் நாங்களும் யோசிக்கிறோம் என்று போட்டிருந்தார்கள்.

சாந்தினி போனை எனக்கு நீட்டிக் காட்டினார். அழவில்லை. "நான் போன் பாக்கிற ஆளோ அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் ஓடிப் பார்த்த அன்று வெள்ளிக்கிழமை. திங்களுக்கு முன்னம் இரண்டு நாள்தான் இருந்தது.

பாதத்தைப் பாருங்கள்

இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர், தம்பலகாமத்தில் இருந்து, வீல் அலைன்மென்ட் என்றால் என்ன, அது காசு பிடுங்கும் வேலைதானே என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கும் அது வேண்டும்.

எழும்பி நில்லுங்கள். இரண்டு பாதத்தையும் பாருங்கள். நுனி உள்ளே பார்த்தால் ஒரு நடை, வெளியே பார்த்தால் இன்னொரு நடை. முன் சில்லுகளும் அப்படித்தான். கொஞ்சம் கோணினாலும் ரயரை அரம் போட்ட மாதிரி தின்றுவிடும்.

அடுத்தது சாய்வு. சில்லின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதைச் சைக்கிளில் கை விட்டு ஓடினவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன் சில்லைப் பிடிக்கும் கவர் சரிந்து நிற்பதால்தான் சில்லு தானாக நேருக்கு வருகிறது. வாகனத்திலும் அந்தச் சரிவு இருக்கிறது.

இந்த மூன்றையும் தாங்கிப் பிடிப்பது கீழே இருக்கும் கைகளும் மூட்டுகளும். அவற்றை மாற்றினால் மூன்றும் நகரும். ஒரு அரிசி அளவு நகர்ந்தால் போதும். பல் கட்டினவருக்குக் கடி மாறுகிற மாதிரி. அதனால்தான் சாமான் மாற்றினால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காசு பிடுங்குவதற்கு இல்லை.

நான் இதைக் கட்டாரில் பழகினேன். எட்டு வருடம் சில்லும் சில்லுக்குக் கீழே உள்ளதும்தான் வேலை. ஒரு கோடையில் மிஷின் பழுதாகி ஒன்பது நாள் கிடந்தது. ஒரு நேபாளக்காரன் நாலு இரும்புக் கதிரைகளை வைத்து, நூல் கட்டி, அளவுகோலால் அளந்து வேலையை ஓட்டினான். பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது என் கராஜிலும் அப்படித்தான். நூலுக்குப் பதில் மீன் பிடிக்கிற தங்கூசி. எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. கடற்காற்றுக்கு நூல் தளர்ந்துபோகும், தங்கூசி தளராது.

தங்கூசி கட்டி, கண்ணுக்கு நேராக்கி, பிறகு அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் நஸீர் நானாவின் மிஷினுக்கு அனுப்புவேன். மிச்சத்தை அவர் பார்ப்பார்.

நானாவின் வேலை தனி. எங்கள் வீதிகள் மழைத்தண்ணீர் ஓட இடது பக்கம் சரிவாக இருக்கும். அச்சு நேராக வைத்த வாகனமும் அந்தச் சரிவில் இறங்கப் பார்க்கும். அதற்கு நானா ஒரு மயிரளவு வலது பக்கம் வைப்பார். மிஷின் அந்த இடத்தில் சிவப்புக் காட்டும். நானா மிஷினைப் பார்த்து, நீ நிலாவெளிக்குப் போயிருக்கிறியா என்று கேட்பார்.

ராகுகாலமும் ஜும்ஆவும்

இனி அந்தப் பழைய வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஐந்து கிழமைக்கு முன்னம்.

வியாழன் பௌர்ணமிப் போயா லீவு. அன்றே வானை ஜக்கில் ஏற்றிக் கழற்றிவிட்டேன். முன் கீழ்க் கைகள் ஆடும் இடத்து இறப்பர் புஷ், மூட்டுக்குப் போல் ஜொயின்ட், ஷொக் இரண்டும். உட்துறைமுக வீதிப் பக்கம் ஓடும் வாகனம் என்றால் கழற்றுவதுதான் பாதி வேலை. உப்புக் காற்றில் நட்டும் போல்ட்டும் ஒன்றாகிப் போயிருக்கும். இடது போல் ஜொயின்ட் மட்டும் கொழும்பில் இருந்து வெள்ளி காலை பஸ்ஸில்தான் வந்தது. மட்டைப் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டுத் திரும்பினால், டவுனுக்குள் திரியும் மான் ஒன்று வந்து பெட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. சாமான் தப்பியது.

அன்று பிள்ளைகள் காலையில் வேறு ஒருவரின் வானில் போய்விட்டார்கள். ஒன்றரைக்கு சாந்தினி போய் ஏற்ற வேண்டும்.

பழுது பார்த்த வாகனம் ராகுகாலத்தில் கராஜ் வாசலைத் தாண்டக் கூடாது. அது சாந்தினியின் கொள்கை. என்னிடம் வரும் பாதிப் பேருக்கு அதுதான் கொள்கை. எனக்கும்தான். வெள்ளி என்றால் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டு வரை.

பன்னிரண்டுக்குப் பிறகு போகலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் நஸீர் நானா வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்குக் கதவை இழுத்துவிட்டு, குளித்து, ஜும்ஆவுக்குப் போய்விடுவார். இரண்டு மணிக்குத்தான் திறப்பார். அலைன்மென்ட் பார்க்காத வானில் பிள்ளைகளை ஏற்ற நான் விட மாட்டேன்.

ஆகவே பத்தரைக்கு முன்னம் வான் என் வாசலைத் தாண்ட வேண்டும். வேறு வழி இல்லை.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாச் சாமானும் ஏறிவிட்டது. கீழ்க் கைகளின் நாலு போல்ட்டை இறுக்குவது மட்டும் மிச்சம்.

அதைச் செய்யும் முறை இதுதான். போல்ட்டைப் போட்டு, நட்டைக் கையால் ஓட்டி விட வேண்டும். வானை ஜக்கில் இருந்து இறக்க வேண்டும். சில்லு தரையில் நின்று பாரம் இறங்கின பிறகு, கீழே போய் இறுக்க வேண்டும். ஏனென்றால் புஷ்ஷுக்குள் இருப்பது இறப்பர். இறுக்கும்போது எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே தன் இடமென்று பிடித்துக்கொள்ளும். சில்லு தொங்கும்போது இறுக்கினால் தொங்குவதுதான் அதன் இடம். பிறகு வானை இறக்கினால் இறப்பர் முறுக்குப்படும். ஓடும் நாள் எல்லாம் அந்த முறுக்கோடேயே ஓடும்.

இறக்கி இறுக்க வேண்டும் என்றால் ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் குழிக்கு மேலே வானைக் கொண்டுபோக வேண்டும். குழிக்கு மேலே ஒரு மீன் லொறி கியர்பெட்டி இல்லாமல் கிடந்தது. அதைத் தள்ள நாலு பேர் தேவை, அரை மணித்தியாலம் தேவை.

சாந்தினி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

நான் சில்லு தொங்க, நாலு போல்ட்டையும் இறுக்கினேன். கட்டாரில் ஒரு தடவையும் செய்யாத வேலை. பத்து இருபத்தைந்துக்கு வான், சில்லுகளுக்குக் கீழே வைத்த நாலு தேசிக்காயை நசித்துக்கொண்டு வாசலைத் தாண்டியது. நானா அளவு எல்லாம் சரியாக வைத்துக் கடதாசியும் கொடுத்தார். அந்த நேரத்துக்கு அந்த அளவு சரிதான்.

பள்ளத்துக்குள்

நிலாவெளி வீதியில் இருந்து திரும்பி வந்து வானைக் குழிக்கு மேலே விட்டேன். இறங்கி விளக்கைப் பிடித்தேன்.

இடது முன் புஷ் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ஒரே திசையில், பிழிந்த சீலை மாதிரி முறுகி. வலதில் கிழிசல் தொடங்கியிருந்தது. கிழியக் கிழிய இடது கை இடம் மாறிவிட்டது. நானா வைத்த அளவு இப்போது இல்லை. இதுதான் இழுவை.

குழிக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். ஒயில் மணமும் ஈர மண் மணமும்.

அங்கே நின்றபடி இரண்டு பொய் யோசித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். முதலாவது, சாமான் டூப்ளிகேட் என்று சொல்லலாம். இந்தக் காலத்தில் அதை நம்பாத ஆள் இல்லை. இரண்டாவது, நானாவின் மிஷின் பிழை என்று சொல்லலாம். பாதிப் பேர் அதையும் நம்புவார்கள்.

மேலே இருந்து சாந்தினி, என்ன அண்ணை என்று கேட்டார்.

"புஷ் கிழிஞ்சு போச்சு."

"அஞ்சு கிழமையில கிழியுமோ?"

"கிழியாது."

 நான் ஏறி வந்து கையைத் துடைத்தேன். அன்றைக்கு எப்படி இறுக்கினேன் என்பதைச் சொன்னேன். ஏன் என்பதையும். ராகுகாலத்தின் மேல் பழி போடவில்லை, நானாவின் தொழுகையின் மேலும் போடவில்லை. அவை இரண்டும் ஒவ்வொரு வெள்ளியும் வருகிறவை. அதை முதலே கணக்கு வைக்க வேண்டியவன் நான்.

சாந்தினி கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"என்னைப் போன் பாக்கிறவள் எண்டு சொல்லிப்போட்டினம் அண்ணை. இனி நான் என்ன சொன்னாலும் சாட்டு எண்டுதான் நினைப்பினம்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கட போனைத் தாங்கோ. நான் சொல்லுறன்."

குழுவில் குரல் பதிவு போடுவது எனக்குப் பழக்கம் இல்லை. எங்கே அமத்துவது என்று அவர் காட்டினார். நான் சொன்னது இவ்வளவுதான்:

"கராஜ் தேவன் கதைக்கிறன். வான் இழுக்கிறது தங்கச்சியின்ர ஓட்டத்தால இல்லை. நாலு போல்ட்டை நான் பிழையா இறுக்கினனான். என்ர பிழை. ஞாயிறு காலமை ஏழு மணிக்குத் திருப்பிச் செய்யிறன். பாக்க விருப்பமான ஆக்கள் வாங்கோ."

அது குழுவோடு நிற்கவில்லை. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் என் குரல் எனக்கே கேட்டது. அடுத்த நாள் வருவதாக இருந்த இரண்டு வாகனம் வரவில்லை. சரி என்று இருந்தேன். என் கை எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமையால் அது வேறு கையாகிவிடாது.

வான் கராஜிலேயே நின்றது; பிள்ளைகளை அன்று வேறு ஒருவரின் வான் ஏற்றியது. வெள்ளி இரண்டு மணிக்குக் கடை திறந்த பிறகு நஸீர் நானாவிடம் போனேன். உங்கட மிஷின் சரி, நான்தான் பிழை என்றேன்.

"எனக்குத் தெரியுமே தம்பி," என்றார். "மிஷினுக்கு ஒரு அவசரமும் இல்லை."

ஞாயிறு கடை திறப்பதில்லை, இதற்காகத் திறக்கிறேன் என்றும் சொன்னார்.

பாரம்

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கே புதுப் புஷ் எல்லாம் ஏற்றி, போல்ட்டைக் கையால் மட்டும் ஓட்டி, வானைக் குழிக்கு மேலே நிறுத்தி வைத்துவிட்டேன். மீன் லொறி போய்ப் பல நாள்.

ஏழு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். மூன்று தகப்பன்மார், இரண்டு தாய்மார். சிவபாலன் முன்னுக்கு நின்றார். கண்ணாடி, தேய்த்த சட்டை, கையைக் கட்டிக்கொண்டு. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஏறி இருங்கோ," என்றேன்.

"எங்க?"

"வானுக்குள்ள. உங்கட பாரம் எனக்கு வேணும்."

விளங்கப்படுத்தினேன். இந்த வான் வெறுமனே ஓடுகிற வான் இல்லை. பிள்ளைகளோடுதான் ஓடும். அந்தப் பாரத்தில் நிற்கும்போது இறுக்கினால், இறப்பர் அந்த இடத்தைத்தான் தன் இடமாகப் பிடிக்கும். மணல் மூட்டை ஏற்றலாம் என்று இருந்தேன். பதினாலு பிள்ளைகளின் பாரம் கிட்டத்தட்ட ஐந்தாறு பெரியவர்கள். நீங்கள் ஐந்து பேர் வந்திருக்கிறீர்கள்.

ஒரு தாய் சிரித்துவிட்டார். தன்னை இரண்டு பேராகக் கணக்கு வைக்கலாம் என்றார். மற்றவர்களும் ஏறினார்கள். சிவபாலன் கடைசியாக ஏறி, பின் சீற்றில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார். அது முதலாம் ஆண்டுப் பிள்ளையின் இடம். சாந்தினி தன் சீற்றில் ஏறினார். ஏறிவிட்டுத் திரும்பி, அவர்களின் தலைகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார்.

நான் குழிக்குள் இறங்கினேன். மேலே வான் ஒரு தடவை அமர்ந்து எழும்பி அமர்ந்தது. இறப்பர் தன் இடத்துக்கு வரும் மட்டும் காத்திருந்தேன். பிறகு இறுக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அவசரம் இல்லாமல். முடிந்ததும் சிவபாலனைக் கீழே வரச் சொல்லி, பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்து, புதியதைக் காட்டினேன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சட்டையில் கிறீஸ் பட்டது. கவனிக்கவில்லை.

தங்கூசி கட்டி நேர் பார்த்தேன். பிறகு நானாவின் கடை. நானா அளவு வைத்தார், மிஷின் ஒரு இடத்தில் சிவப்புக் காட்டியது, நானா அதோடு கொஞ்சம் கதைத்தார். அங்கிருந்து எல்லாரும் அதே வானில் நிலாவெளி வீதிக்குப் போனோம். சாந்தினி கையை விட்டார். நான் பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வான் கோட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது சிவபாலன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாமான் பிழை எண்டு சொல்லியிருக்கலாமே. ஆர் கேக்கப் போயினம்?"

"சொல்லியிருக்கலாம். அப்பிடிச் சொல்லியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்பிடித்தான் இறுக்கியிருப்பன்."

அவர் தலையை ஆட்டினார். பிள்ளைகளை விடுவேன் என்றும் சொல்லவில்லை, விட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாந்தினி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நான் வெள்ளிக்கிழமை கீழ்க் கை வேலை எடுப்பதில்லை. எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் சனி வாருங்கள் என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள்.

மூன்று நாள்

மற்ற மூன்று பேரும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். குழுவில் கும்பிடுகிற கை அனுப்பினார்களாம்.

சிவபாலன் ஒன்றும் அனுப்பவில்லை. திங்கள் காலையில் சாந்தினி அவரது வீட்டு வாசலில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்திருக்கிறார். அவர் மோட்டார் சைக்கிளோடு வெளியே வந்தார். முன்னுக்கு ஒரு மகள், பின்னுக்கு ஒரு மகள். போங்கோ என்று கையைக் காட்டினார். வான் புறப்பட, அவரும் பின்னால் புறப்பட்டார். பாடசாலை வாசல் வரைக்கும், வானுக்குப் பின்னால் இருபது அடியில், கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

செவ்வாயும் அப்படியே. புதன் மழை. புதனும் வந்தாராம், மூன்று பேரும் மழைச்சட்டையோடு, நனைந்து. வானுக்குள் இருந்த பிள்ளைகள் பின் கண்ணாடியில் முகத்தை வைத்து அந்தப் பிள்ளைகளுக்குக் கை காட்டினார்களாம்.

வியாழன் எட்டு மணி போல எனக்குப் போன் வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாடசாலைக்கு முன்னால் நின்று சாந்தினி கதைத்தார்.

"அண்ணை, இண்டைக்குப் பின்னால மோட்டச்சைக்கிள் வரேல்ல."

கையில் இருந்த ஸ்பானரை வைத்துவிட்டு, சிவபாலனின் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"ஏறினதுகள். ஏறின உடனே யன்னல் சீற்றுக்குச் சண்டை."